மலைக்கு வேண்டிக்கொண்ட நெருப்பு

நவம்பர் 10, ஞாயிறு

குன்றுக்குப் போய்விட்டு வந்தேன். குளித்த பிறகும் அருவருப்பு போகவில்லை.

சீத்தாப்பழ சீசன் முடிந்துவிட்டதாம். முடிந்ததா, முடித்துவிட்டார்களா? காய் முற்றிக் கண் விரிந்து வெளுத்த பிறகுதான் பறிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது கை தூக்கியவர்கள் இதே எங்கள் ஊர் ஆட்கள்தான். கல்லு மாதிரி இருக்கிற காயைப் பறித்து மூட்டை கட்டிப் புத்தூருக்கு ஏற்றிவிட்டார்கள். பறித்ததோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எட்டிப் பறிக்கச் சோம்பல், கிளையையே முறித்துக் கீழே இழுத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய கிளையெல்லாம் தோல் உரிந்து தொங்குகிறது. அடியில் பிரியாணிப் பொட்டலம், பிராந்தி பாட்டில்.

இறங்கும்போது தனபாக்கியத்தைப் பார்த்தேன். ஊரிலேயே அதிகம் ஆடு வைத்திருப்பவள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நாம பறிக்கலன்னா பக்கத்தூருக்காரன் பறிச்சிக்கினு பூடுவான்க்கா. பழுக்கட்டும்னு காத்துக்கினு இருந்தா நம்ம வாய்ல மண்ணுதான்" என்றாள்.

பக்கத்து ஊரில் போய்க் கேட்டால் எங்களைத்தான் சொல்வார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

சமிதிக் கூட்டம். காடு காக்கிற குழு. வன சம்ரக்ஷண சமிதி என்று பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. சேர்பர்சன் நான், நாற்காலியில் உட்கார்ந்தது என் புருஷன். அந்தப் பதவிக்குப் பெண்தான் வேண்டும் என்பதால் என்னை நிறுத்தினார்கள். ஊருக்கு அண்ணாதுரைதான் "சேர்மன்". இவர் நடத்துகிற பால் சென்டரிலும் அப்படித்தான், டீக்கடையிலும் அப்படித்தான். முதல் வருஷம் எனக்கும் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே எரிகிறது.

கிளை முறித்த விஷயத்தை எடுத்தேன். "உடு மே, பழம் துன்னதுக்கெல்லாம் பஞ்சாயத்தா?" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

நான் கல்யாணமாகி வந்தபோது இந்தக் குன்றில் கல்லும் புல்லும்தான். மேய்த்தும் வெட்டியும் மொட்டையடித்து வைத்திருந்தார்கள். அப்புறம்தான் மூன்று பாகமாகப் பிரித்தோம். ஒரு பாகத்துக்கு ஆடு போகக் கூடாது. அது தலையெடுத்த பிறகு அதைத் திறந்து அடுத்ததை மூட வேண்டும். பச்சை மரத்தில் கத்தி படக் கூடாது. காய்ந்த சுள்ளி சனிக்கிழமை மட்டும். இவ்வளவுதான் நாங்கள் செய்தது. அதற்கே காடு திரும்பி வந்துவிட்டது. உசிலை, வெப்பாலை, நெல்லி, யாரும் நடாத மரமெல்லாம் வந்தது. சித்திரை வெயிலில்கூட அடிவாரக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

என் பொண்ணு யாமினி உண்டாகியிருக்கிறாள்!

கல்யாணமாகி ஆறு வருஷம். திருப்பதியில் அவளும் மாப்பிள்ளை பரணியும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. போனில் அவள் அழுதாள், நானும் அழுதேன்.

வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்தேன். இவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் போல என்று நினைத்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

சீ!

எழுதவே கை கூசுகிறது. காலையில் சாவகாசமாகச் சொல்கிறார். போன வருஷம் ஆடி மாதம் கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டாராம். பொண்ணு வயிற்றில் ஒன்று தங்கினால் மலைக்கு நெருப்பு வைக்கிறேன் என்று.

அந்தக் காலத்தில் இது உண்டு. குழந்தைக்கு, மழைக்கு, கேசு ஜெயிக்க. வேண்டிக்கொண்டது நடந்தால் நாலு ஊருக்குத் தெரிகிற மாதிரி மலைச்சரிவைக் கொளுத்துவார்கள். அப்போது எரிந்தது புல். இன்று மேலே காடு இருக்கிறது. அந்தக் காட்டைக் காக்கிற சமிதிக்கு இவர் பொண்டாட்டி தலைவி. அது தெரிந்தேதான் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"உனுக்கு வேற எதுவும் கெடைக்கலயா? மொட்ட போடறேன்னு வேண்டிக்கறது, கெடா வெட்டறேன்னு வேண்டிக்கறது?"

"மொட்டயெல்லாம் எல்லாரும் போடறான். பெருசா கேட்டா பெருசா குடுக்கணும் மே."

தன் தலைமுடியை மட்டும் கொடுக்க மாட்டாராம். ஊருக்குச் சொந்தமான மலையைக் கொடுப்பாராம். என்ன மனுஷன் இது!

டிசம்பர் 15, ஞாயிறு

ஒரு வாரமாக இதே சண்டை. இன்று இப்படிக் கேட்டார்: "உன் சமிதி பெருசா, உன் பொண்ணு வயிறு பெருசா?"

எழுந்து போய்விட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட வாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. ஃபயர் லைன் வேலை ஆரம்பம். வருஷா வருஷம் செய்வதுதான். குன்றைச் சுற்றி வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டிக் காயவைத்து, தை மாதப் பனி ஈரத்தில் நாங்களே கொளுத்திவிடுவோம். கோடைக்காலத்தில் வெளியிலிருந்து நெருப்பு வந்தால் அந்த வெறும் தரையைத் தாண்டாது.

புல்லை அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. கொளுத்தத்தானே போகிறோம்? அதை இவர் கையால் கொளுத்தினால் என்ன? மலைக்கு நெருப்பு வைத்த மாதிரியும் ஆச்சு, மலைக்குக் காவல் போட்ட மாதிரியும் ஆச்சு.

வனத்துறை பீட் ஆபீசர் கிரண்குமாரிடம் கேட்டேன். தெலுங்குப் பையன். ஆந்திராவில் இருந்தாலும் எங்கள் ஊரில் தமிழ்தான், எங்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்டவர். "லைன்லோபல ஒக்க நிப்புக்கூட ராக்கூடது அம்மா, கோட்டுக்கு உள்ள ஒரு பொறி வரக் கூடாது. அவ்ளோதான். பூஜை நீங்க எப்படி வேணா பண்ணிக்கோங்க" என்றார்.

இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, சரி என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நல்லபடியாக நடந்தது. புது வேட்டி, தேங்காய், கற்பூரம். கங்கம்மா கல்லுக்குச் சூடம் காட்டி, அதே சூடத்தால் ஃபயர் லைனில் போட்டிருந்த குவியலைப் பற்றவைத்தார். காற்றே இல்லை. பொம்பளைகள் வரிசையாக நின்று பச்சை வெப்பாலைக் கொப்பால் ஓரத்தை அடித்துக்கொண்டே வந்தோம். உள்ளே ஒரு இலைகூடக் கருகவில்லை.

ஊரே தயிர்சாதம் சாப்பிட்டது. நான்கூட இவருக்கு விசிறிவிட்டேன். இவரைக் கட்டிக்கொண்டது அப்படியொன்றும் மோசமில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

டீக்கடையில் இவரைக் கிண்டல் செய்கிறார்களாம். "இன்னா சேர்மன், மலைக்கு நெருப்புன்னு வேண்டிக்கினு அடுப்புக்கு வெச்சிட்டு வந்துட்டியாமே?" என்று யாரோ கேட்டானாம். வீட்டுக்கு வந்து சொம்பைத் தூக்கி எறிந்தார். அவனை எறிந்திருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

யாமினிக்கு ரத்தம் பட்டிருக்கிறது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் பஸ் ஏறப் போகிறேன். கங்கம்மா, கங்கம்மா.

மார்ச் 12, புதன்

திருப்பதியில் இருக்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பிரசவம் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டுமாம்.

இவர் ஆஸ்பத்திரி வராண்டாவில், மாப்பிள்ளை பரணி முன்னாலேயே சொன்னார்: "பாதிக் கடன குடுத்தா மீதிய இப்பிடித்தான் கேப்பா அவ." அவள் என்றால் கங்கம்மா. பரணி காதில் விழாத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏன்? ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும்போது நானும்தான் நினைத்தேன். எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும், எம்பொண்ணு பொழச்சா போதும் என்று நினைத்தேன். திருப்பதி நெருங்குகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

எரிகிறது. மதியத்திலிருந்து எரிகிறது. மூடிவைத்திருந்த பாகம். காற்று ஆளைத் தள்ளுகிறது, கிட்டவே போக முடியவில்லை. நான் தண்ணீர் குடிக்க வந்தேன். திரும்பப் போகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அடுப்பு மூட்டவில்லை.

கிரண்குமார் ஆட்களோடும் இலை ஊதுகிற மிஷினோடும் வந்து விடியும் வரை போராடினார். மற்ற இரண்டு பாகத்தையும் காப்பாற்றிவிட்டோம். மூடிய பாகம் போய்விட்டது. முழுசாக. காலையில் உள்ளே நடந்தேன். செருப்பு அடி உருகுகிற சூடு. நெல்லி மரமெல்லாம் கரிக்கட்டை. ஓர் ஆமை ஓட்டோடு வெந்து கிடந்தது. ஓட முடிந்தது ஓடியிருக்கும், அது எங்கே ஓடும்? அந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

யார் என்று தேடவே வேண்டாம். நேற்று மதியம் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அந்த மனுஷன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையக் குங்குமம். நான் பக்கெட் எடுக்க வந்தபோது என்னைப் பார்த்து, "தீந்துச்சு மே, கடன் தீந்துச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நாங்கள் போட்ட ஃபயர் லைன் வெளியே இருந்து வருகிற நெருப்புக்கு. அதைத் தாண்டி உள்ளே போய் வைக்கிறவனுக்கு எந்தக் கோடு போடுவது? அதுவும் எந்தப் பாகத்தில்? ஆடு போகாததால் புல்லும் சருகும் இடுப்பளவு கிடந்த பாகத்தில். நன்றாக எரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். எங்கே நன்றாக எரியும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான்தான். தினமும் சோறு போடும்போது குன்றைப் பற்றிப் பேசிப் பேசிச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஏப்ரல் 16, புதன்

விசாரணைக்கு ரேஞ்ச் ஆபீசரும் கிரண்குமாரும் வந்தார்கள். ஊரே உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். இவர் மலையிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர்களே நாலு பேர் இருப்பார்கள்.

"பீடி புடிச்சிட்டு எவனோ போட்டிருப்பான் சார்."

"பார்டர் அந்தப் பக்கத்துலருந்து வர்றவனுங்க சார்."

தனபாக்கியம் இன்னும் ஒரு படி மேலே போனாள். "வெயிலுக்கு தானா பத்திக்கும் சார், மூங்கி மூங்கி ஒரசிக்கினு" என்றாள். எங்கள் குன்றில் மூங்கிலே கிடையாது! நல்ல மழை பெய்தால் சாம்பல் மேல் புதுப்புல் கிளம்பும், ஆட்டுக்கு விருந்து. அந்தக் கணக்குதான்.

அந்த மனுஷன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கிரண்குமார் என்னிடம் திரும்பி, "அம்மா, எவரிமீதைனா அனுமானம் உந்தா?" என்று கேட்டார். யார்மேலாவது சந்தேகமா என்று. எல்லாத் தலையும் திரும்பியது. நாலு நாள் டைம் கொடுங்கள் என்றேன்.

த்தூ. எனக்கும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 19, சனி

இன்று கெஞ்சினார். மிரட்டினார். மறுபடி கெஞ்சினார். "உன் வாயால பேரு சொல்லி, நான் போயி ஸ்டேஷன்ல குந்திக்கினு, அத்த கேட்டு அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னு வெய்யி. யாரு மே காரணம்? நீதான்."

எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த வயிற்றில் கட்டுகிறார். நெருப்பு வைத்ததும் அதற்காக, நான் வாயை மூட வேண்டியதும் அதற்காக. பிறக்காத பிள்ளைமேல் இத்தனை பாரமா? பயமாக இல்லையா எனக்கு? இருக்கிறது. யாமினியைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் அவளைக் கேட்பதே பாவம்.

ஆனால் நான் வாயை மூடினால் அடுத்த வருஷம் இன்னொருத்தன் வேண்டிக்கொள்வான். வேண்டிக்கொண்டது நடக்கிற வீடெல்லாம் ஒரு பாகம் கொளுத்தும். இருப்பது இன்னும் இரண்டே பாகம்.

ஏப்ரல் 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை பஸ்ஸில் ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். கிரண்குமார் தண்ணீர் கொடுத்து, "ஆலோசிஞ்சண்டி அம்மா, இன்னொரு தடவ யோசிச்சிக்கோங்க" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பெயர் அண்ணாதுரை. என்ன உறவு என்று கேட்டார்கள். புருஷன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா கொய்யாப்பழம் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். பசி.

ஏப்ரல் 24, வியாழன்

கேசு போட்டு, ஜாமீனில் விட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை, தன் தம்பி வீட்டில் இருக்கிறார். நல்லது.

யாமினி போன் செய்தாள். "நைனா மேலயே கேசு குடுத்துட்டியாம்மா?" ஆமாம் என்றேன். "எனக்கு இப்ப இத்த பேச முடியாதும்மா" என்று வைத்துவிட்டாள்.

மே 18, ஞாயிறு

யாமினிக்குச் சீமந்தம். பயணம் கூடாது என்பதால் திருப்பதியில் அவள் வீட்டிலேயே. ஊரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஒருத்திகூட என்னோடு பேசவில்லை. நான் பரிமாறியதை மட்டும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்கள்.

ஒவ்வொருத்தியும் வளையல் போடும்போது அவளிடம், "உங்க நைனா வெச்ச நெருப்புதான் உன்ன காப்பாத்திச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தனபாக்கியம் சொன்னபோது யாமினி கையை இழுத்துக்கொண்டாள். "ரத்தம் நின்னது மார்ச்ல. நெருப்பு வெச்சது ஏப்ரல்ல. ஊசி போட்டு நிறுத்தின டாக்டரம்மாவ எங்க உடறீங்க?" என்றாள்.

என்னை அவள் பார்க்கவில்லை. பரவாயில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சமிதியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். புருஷனையே காட்டிக்கொடுத்தவள் ஊருக்கு என்ன செய்வாள் என்று பேச்சு. புது சேர்பர்சன் யார்? தனபாக்கியம்! ஆட்டுக்காரி கையில் காடு. கை தூக்கிய அத்தனை பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் மழை பெய்திருக்கிறது. நான் பாட்டுக்குக் கொடுவாளை எடுத்துக்கொண்டு எரிந்த பாகத்துக்குப் போகிறேன். கருகிய தண்டைத் தரையோடு வெட்டிவிட்டால் வேரிலிருந்து துளிர் நேராக வரும். வெட்டாமல் விட்டால் சொத்தையோடு சண்டை போட்டே செத்துப்போகும். என்னோடு யாரும் வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். கையில் வாங்கினேன்.

அந்த மனுஷனும் வந்திருந்தார். வார்டில் இருக்கிறவர்களிடம் எல்லாம் மலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து வெளியே அனுப்பினாள்.

யாமினி என்னைப் பார்த்து, "உங்கூட ஊருக்கு வர்றேம்மா. நைனாவ தள்ளியே இருக்கச் சொல்லு" என்றாள். நீயே சொல் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

தாயும் பிள்ளையும் இங்கே வந்ததிலிருந்து குன்றுக்குப் போகவே முடியவில்லை. இன்று குழந்தை தூங்கியதும் யாமினியே, போய்ட்டு வாம்மா என்றாள். போகப் பயமாகத்தான் இருந்தது. மழைக்குப் புல் வந்திருக்கும், புல்லுக்கு ஆடு வந்திருக்கும், துளிரெல்லாம் அடியோடு போயிருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஏறினேன்.

வழியில் கள்ளிமுள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. உள்ளே ஓர் ஆட்டுப்புழுக்கைகூட இல்லை. வெட்டிவிட்ட ஒவ்வொரு அடியிலும் முழங்கால் உயரம் துளிர். நெல்லிகூட வந்திருக்கிறது. உசிலை சில இடத்தில் என் இடுப்புவரை. கரிக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இறங்கும்போது அடிவாரத்தில் தனபாக்கியம் ஆடுகளைத் திறந்த பாகத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தாள். முள் போட்டது யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஏன் என்றேன்.

"ஏனா? கட்டின புருஷனையே புடிச்சி குடுத்த பொம்பள நீ. என் ஆட்ட உட்டுருவியா? போக்கா, போ. எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு, கோர்ட்டுக்கு அலைய."

அது மரியாதை இல்லை, பயம். பயம்கூட இல்லை, அருவருப்பு. என்னைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். துளிர் அதைப் பார்த்தா வளர்கிறது?

வீட்டுக்கு வந்தால் அந்த மனுஷன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறார். யாமினி அறைக் கதவைச் சாத்தியிருந்தாள். சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "மேல எப்பிடிகீது?" என்று கேட்டார். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"போயி பாத்துட்டு வா. வழிதான் தெரியுமே" என்றேன்.

ரொம்ப நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எந்தப் பக்கம் போனார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.